பிறையை மறைத்த மலையும் பிறைச் செய்தி சொன்ன வானொலியும்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவராக நிற்கிறது. இவ்விரு ஊர்களின் கண்மாய்களுக்கு நீரும் மாந்தோப்புகளுக்குக் குளிர்ச்சியும் தந்தது அந்த மலைதான். ஆனால் ஆண்டில் சில மாலைப் பொழுதுகளில் அதே மலை இங்கு வாழும் முஸ்லிம் குடும்பங்களுக்கு ஒரு சிக்கலையும் தந்துவந்தது. ஷஅபான் மாதத்தின் 29ஆம் நாள் மாலையும், ரமளான் மாதத்தின் 29ஆம் நாள் மாலையும் மேற்கு அடிவானத்தைப் பார்த்து நின்றவர்களின் கண்ணுக்கு முன்னால் மலை இருந்தது.

தலைப்பிறை சூரியன் மறைந்த சிறிது நேரத்தில், அடிவானத்துக்குச் சற்று மேலே, மெல்லிய கோடாகத் தென்படும். வானம் மங்கி அது கண்ணுக்குப் புலப்படும் நேரத்திற்குள் கீழே இறங்கிவிடும். அடிவானம் திறந்திருக்கும் சமவெளியில் நிற்பவர் அதைக் காணலாம். மலையடிவார ஊரில் நிற்பவருக்கு அது முகட்டுக்குப் பின்னால் போயிருக்கும்; முகட்டில் மேகம் தங்கும் மாதங்களிலோ சொல்லவே வேண்டியதில்லை. வத்திராயிருப்பு முதல் வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி வரை மலையோரமாக அமைந்த ஊர்கள் அனைத்துக்கும் இதே நிலைதான். ஆகவே தலைமுறை தலைமுறையாக இவ்வூர்கள் பிறைக்குத் தம் கண்ணைவிடப் பிறர் கண்ணையே அதிகம் நம்ப வேண்டியிருந்தது. வெளியூரிலிருந்து வரும் செய்தி இங்கு மார்க்கக் கடமையோடு தொடர்புடையது. வானொலி இவ்வூர்களுக்குள் நுழைந்த வரலாற்றை இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால்தான் அதன் முழுப் பொருள் விளங்கும்.

வானொலிக்கு முன்

விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்குச் செல்லும் ரயில் பாதை 1927இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் செய்தி மாட்டுவண்டியின் வேகத்தில் வந்தது. மதுரையிலோ விருதுநகரிலோ பிறை கண்டதை அங்கிருந்து வரும் வணிகர் மறுநாள் காலையில் சொன்னால்தான் உண்டு. பிறை தெரியாவிட்டால் மாதத்தை முப்பதாக நிறைவு செய்துகொள்ளுங்கள் என்பது நபி (ஸல்) அவர்கள் காட்டித்தந்த எளிய வழி. மலையடிவாரத்து ஜமாஅத்துகளுக்கு அந்த வழி எத்துணை பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதைச் சிந்திக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாததைத் தேடி அலைக்கழியும் சுமையை மார்க்கம் அவர்கள் மீது ஏற்றவில்லை.

ஊருக்குள் செய்தியைப் பரப்பப் பள்ளிவாசலின் நகரா இருந்தது. நகரா ஒலித்தால் ஸஹர் நேரம் என்பதும், மாலையில் ஒலித்தால் நோன்பு திறக்கும் நேரம் என்பதும் எல்லா வீட்டுக்கும் தெரியும். பின்னர் பஞ்சாலைகள் வந்தபோது ஆலைச் சங்கும் ஊரின் நேரத்தை அறிவித்தது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் ஊரின் முகத்தையே மாற்றிய நிறுவனம். ஆலைச் சங்குக்குப் பழகிய ஊர், ஒலியைக் கேட்டுத் தன் நாளை வகுத்துக்கொள்ள முன்பே கற்றுக்கொண்டிருந்தது.

அலைகள் வந்த வழி

தமிழகத்தில் ஒலிபரப்பைத் தொடங்கியது அரசு அன்று, ஆர்வலர்களே. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று அமைத்த சென்னை மாகாண ரேடியோ கிளப் 1924இல் ஒலிபரப்பத் தொடங்கியது. பணமில்லாமல் 1927இல் அது நின்றுபோக, அதன் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930இல் மீண்டும் ஒலிபரப்பைத் தொடங்கியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூனில் பிறந்தது. திருச்சி நிலையம் 1939 மே மாதத்தில் வந்தது. திருநெல்வேலி நிலையத்துக்காக 1963 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கே ஒரு தூரக் கணக்கைப் பார்ப்போம். ராஜபாளையத்திலிருந்து நேர்கோட்டில் சென்னை ஏறத்தாழ 500 கிலோமீட்டர். திருச்சி 200 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கொழும்போ ஏறத்தாழ 380 கிலோமீட்டர்தான். கடல் கடந்த தலைநகரம், நம் மாநிலத் தலைநகரத்தைவிட நமக்கு அருகில் இருந்தது! சாலையும் ரயிலும் இதை மறைத்தன, வானலைகள் வெளிப்படுத்தின.

வால்வு ரேடியோ வாங்குவது அன்று எளிய காரியமன்று. வீட்டின் மேலே ஏரியல் வலை கட்ட வேண்டும். அஞ்சல் அலுவலகத்தில் ஆண்டுக் கட்டணம் செலுத்தி உரிமம் பெற வேண்டும். ஆகவே பெரும்பாலானோர் முதலில் வானொலி கேட்டது நகராட்சிப் பூங்காவிலும் பஞ்சாயத்து ரேடியோ அருகிலும் தேநீர்க் கடை வாசலிலும்தான். மாலையில் பூங்கா ஒலிபெருக்கியைச் சுற்றி மில் தொழிலாளரும் நெசவாளரும் கடைக்காரரும் மாணவரும் மண்ணில் அமர்ந்திருப்பார்கள். யார் எந்தச் சமயம் என்ற கேள்வி அங்கே எழவில்லை. இரவானால் வீடுகளுக்குச் செய்தியைக் கொண்டு சென்றவர்களும் அவர்களே. பெண்கள் வானொலியை நேரில் கேட்கும் வாய்ப்பு, அறுபதுகளில் டிரான்சிஸ்டர் பரவிய பிறகே பல வீடுகளில் வந்தது. தீர்ந்துபோன பேட்டரிக் கட்டைகளை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டிய சிக்கனம் அந்தக் காலத்துக் குடும்பங்கள் அறிந்ததே.

கொழும்பின் குரல்

கொழும்பில் 1925 டிசம்பரிலேயே ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காக அங்கே ஆற்றல் மிக்க ஒலிபரப்பி நிறுவப்பட்டது. போர் முடிந்தபின் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1949இல் 'ரேடியோ சிலோன்' என்ற பெயர் நிலைத்தது. அதன் வர்த்தக சேவை தமிழகமெங்கும் புகழ்பெற்றது.

அந்தப் புகழுக்கு நம் நாட்டு அமைச்சர் ஒருவரும் காரணம். 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்படப் பாடல்களைக் கட்டுப்படுத்தினார். சாஸ்திரிய இசையை வளர்ப்பது அவர் நோக்கம். மக்களோ முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். இழந்த நேயர்களை மீட்க 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று. இந்திக்கு அமீன் சயானியின் குரல் எப்படியோ, அப்படித் தமிழுக்கு எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள். 'பொங்கும் பூம்புனல்' என்றால் இன்றும் மனத்தில் விடியற்காலை வரும் மூத்தவர்கள் இவ்வூர்களில் உண்டு.

அப்துல் ஹமீது என்ற பெயரைச் சற்று நிறுத்திச் சிந்திக்க வேண்டும். தூய தமிழ் உச்சரிப்புக்கு எடுத்துக்காட்டாகத் தமிழகத்து வீடுகள் ஏற்றுக்கொண்ட குரல் ஒரு முஸ்லிமின் குரல். அவ்வாறே நாகூர் ஈ.எம். ஹனீபாவின் கணீரென்ற பாடல்களை முஸ்லிம் வீடுகள் மட்டுமா கேட்டன? தேநீர்க் கடையில் நின்ற அனைவரும் கேட்டார்கள். முஸ்லிமல்லாத பலருக்கு அவை மனப்பாடம். இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவை கிராஅத், மார்க்க உரை, இஸ்லாமிய கீதங்கள் ஆகியவற்றைத் தமிழில் தந்தது. தமிழ் முஸ்லிம்களின் வழக்குச் சொற்கள் வானில் மரியாதையோடு ஒலிக்கக் கேட்டது, சிறு ஊர்களில் குறைந்த எண்ணிக்கையில் வாழ்ந்த குடும்பங்களுக்குத் தனித்த ஒரு நிமிர்வைத் தந்தது.

சில நிமிட வேறுபாடு

ஆனால் அருகிலிருக்கும் கொழும்பு, நோன்பு மாதத்தில் ஒரு சோதனையையும் வைத்தது. கொழும்பு நேரப்படி மஃரிப் பாங்கு வானொலியில் ஒலிக்கும்போது ராஜபாளையத்தில் சூரியன் இன்னும் மறைந்திருக்காது!

காரணம் எளிது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். கொழும்பு ராஜபாளையத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 2.3 பாகை தள்ளி இருக்கிறது. ஆகவே சராசரியாக 9 நிமிடம் முன்னதாகவே அங்கே சூரியன் மறைகிறது. பருவத்துக்கேற்ப இது மாறும்: டிசம்பரில் ஏறத்தாழ 5 நிமிடம், ஜூனில் ஏறத்தாழ 14 நிமிடம். சென்னையோடு ஒப்பிட்டாலும் வேறுபாடு உண்டு. அது எதிர்த்திசையில் மாறும். ஜூனில் சென்னை 4 நிமிடம் முந்துகிறது, டிசம்பரில் 17 நிமிடம் முந்துகிறது. ரமளான் மாதமோ ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்ந்து எல்லாப் பருவத்தையும் சுற்றி வருகிறது. ஆகவே ஒருமுறை கற்ற கணக்கு எப்போதும் உதவாது.

இதில் மலை மற்றுமொரு குழப்பத்தைச் சேர்த்தது. சூரியன் முகட்டுக்குப் பின்னால் போனதும் ஊரில் நிழல் விழுந்துவிடும். ஆனால் அது உண்மையான மறைவு அன்று; அடிவானத்துக்குக் கீழே சூரியன் இறங்க இன்னும் நேரமிருக்கும். எனவே இங்குள்ளவர்கள் வானொலிப் பாங்கையும் நம்ப முடியாது, மலை நிழலையும் நம்ப முடியாது. நம்பக்கூடியவை இரண்டு: தம் ஊருக்கெனக் கணித்த நேர அட்டவணை, சரியான கடிகாரம். அந்தக் கடிகாரத்தைச் சரிசெய்ய உதவியது வானொலியே. செய்திக்கு முன் ஒலிக்கும் நேரச் சைகையைக் கேட்டுக் கடிகாரத்தின் முள்ளைத் திருத்திக்கொள்வது அன்றைய வழக்கம். வானொலியிடமிருந்து நேரத்தை எடுத்துக்கொண்டார்கள். நோன்பு திறக்கும் தருணத்தை அதனிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. இந்தப் பகுத்தறிவு போற்றத்தக்கது.

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் மேகமூட்டமான ஒரு நாளில் மக்கள் நோன்பைத் திறந்துவிட, பின்னர் சூரியன் வெளிப்பட்டதாக அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. அவ்வாறு திறந்த நோன்பைக் களாச் செய்ய வேண்டும் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. சில நிமிடம்தானே என்று ஒதுக்கத்தக்க செய்தி அன்று இது.

செய்தியா, சாட்சியமா?

இனி பிறைக்கு வருவோம். வானொலி தரும் பிறைச் செய்தியை மார்க்கம் எவ்வாறு நோக்குகிறது? இருபதாம் நூற்றாண்டு முழுவதும் உலமாக்கள் இதை ஆராய்ந்தார்கள். அதற்கு முன்பே தந்தி வந்தபோது இதே கேள்வி எழுந்திருந்தது. தேவ்பந்தில் பணியாற்றிப் பின் கராச்சியில் வாழ்ந்த முஃப்தி முஹம்மது ஷஃபீ (மறைவு 1976), ஒலிபெருக்கி, வானொலி முதலிய புதிய கருவிகள் பற்றிய மார்க்கச் சட்டங்களைத் தனி நூலாகவே எழுதினார்.

அடிப்படை வேறுபாடு இதுதான். சாட்சியம் என்பது நேரில் வந்து, காஜியின் முன் நின்று சொல்வது. சொல்பவரின் முகமும் நேர்மையும் அங்கே எடைபோடப்படும். ஹனஃபி மத்ஹபின்படி, மேகமூட்டமான வானில் ரமளான் பிறைக்கு நம்பகமான ஒருவரின் கூற்று போதும். பெருநாள் பிறைக்கு இரு சாட்சிகள் வேண்டும். வானொலிப் பெட்டி சாட்சி சொல்ல இயலாது. ஆனால் காஜி சாட்சியங்களை விசாரித்து எடுத்த முடிவை வானொலி அறிவித்தால், அது சாட்சியம் அன்று, முடிவின் அறிவிப்பு. அதை ஏற்கலாம் என்று பலர் முடிவு செய்தார்கள். இதற்கு ஒரு முன்னோடியும் இருந்தது. 1836இல் மறைந்த சிரியாவின் ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன், நகரத்தில் பீரங்கி ஒலிப்பதைக் கேட்டோ விளக்குகள் ஏற்றப்பட்டதைக் கண்டோ சுற்றியுள்ள கிராமத்தார் நோன்பு வைக்கலாம் என்று எழுதியிருந்தார். டமாஸ்கஸின் பீரங்கி செய்த வேலையையே நம் ஊரில் நகராவும் பின்னர் வானொலியும் செய்தன.

இங்கே இயற்கையும் துணை நின்றது. பகலில் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் ஒரு கீழ் அடுக்கு மத்திய அலைகளை உறிஞ்சிக்கொள்ளும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்துவிட, அலைகள் அதற்கும் மேலே உள்ள அடுக்கில் பட்டுத் திரும்பி நெடுந்தூரம் செல்லும். பகலில் கரகரத்த நிலையங்கள் இரவில் தெளிவாகும். பிறைச் செய்திக்காக மக்கள் காத்திருந்த நேரமும் வானலைகள் தொலைவு கடக்கும் நேரமும் ஒன்றாக அமைந்தன.

ஆயினும் எந்த நிலையத்தின் அறிவிப்பை ஏற்பது? கொழும்பில் பெரிய பள்ளிவாசலும் உலமாக்களும் கூடி எடுக்கும் முடிவு வேறாகவும், தமிழகத்தின் முடிவு வேறாகவும் அமைந்த ஆண்டுகள் உண்டு. ஷாமிலிருந்து மதீனா வந்த குறைப் (ரஹ்), அங்கே ஒரு நாள் முன்னதாகப் பிறை கண்டதைச் சொன்னபோது, இப்னு அப்பாஸ் (ரலி) அதைத் தம் ஊருக்கு ஏற்கவில்லை என்று ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். ஷாஃபிஈ மத்ஹப் இதை அடியொற்றி ஊர்களின் அடிவான வேறுபாட்டைக் கணக்கில் கொள்கிறது; ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற கருத்து ஓரிடத்துப் பிறையைப் பிற இடங்களுக்கும் பொருந்துவதாகக் கொள்கிறது. கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகளும் மிகுந்த தமிழகத்தில், ஒரே வானொலிச் செய்தி இரு வகையாகப் பொருள்கொள்ளப்பட்டது இயல்பே. 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டத்தின் வழியே அரசு நியமிக்கும் தலைமை காஜியின் அறிவிப்பு, சென்னையிலிருந்து வானொலி வழியாக ஊர்களை எட்டியது. முடிவாக, அந்தச் செய்தியை எடைபோட்டு "நாளை நோன்பு" என்றோ "நாளை பெருநாள்" என்றோ உரைத்தது பள்ளிவாசலும் ஜமாஅத்தும்தான். வானொலி கேட்டவன் தனியாக முடிவெடுக்கவில்லை. கேட்டதைப் பள்ளிவாசலுக்குக் கொண்டு சென்றான்.

அலை ஓய்ந்த காலம்

1963இல் திருநெல்வேலி நிலையமும் 1987இல் மதுரை நிலையமும் வந்தன. இரண்டும் ராஜபாளையத்துக்கு நேர்கோட்டில் 80 கிலோமீட்டர் அளவே. டெல்லியிலிருந்து செய்தி வாசித்த சரோஜ் நாராயண்ஸ்வாமியின் குரல் காலைப் பொழுதின் ஓர் உறுப்பாயிற்று. இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் தமிழ் அறிவிப்பாளர் பலர் நாட்டைவிட்டுச் செல்ல நேர்ந்தது, கே.எஸ். ராஜா 1989இல் கொல்லப்பட்டார். நாம் பாடல் கேட்டு மகிழ்ந்த ஊரில் அந்தப் பாடலை அறிவித்தவர்கள் பட்ட துயரத்தையும் இந்த நினைவோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

எண்பதுகளில் தொலைக்காட்சி வீடுகளுக்குள் வந்தது. வானொலிக்கான உரிமக் கட்டணமும் அந்தப் பத்தாண்டில் ஒழிந்தது. தொண்ணூறுகளில் கொடைக்கானல் பண்பலை 100.5 பரவியபோது ஒரு புதுமை நிகழ்ந்தது: பிறையை மறைத்த அதே மலைத்தொடரின் கிளையொன்று, தன் உயரத்தில் ஒலிபரப்புக் கோபுரத்தைத் தாங்கிச் சமவெளி முழுவதும் ஒலியை இறக்கியது. 1941இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசையின் வானொலிச் சேவை 2017 ஏப்ரலில் நின்றது. அதற்குள் செய்தி கைப்பேசிக்கு இடம்பெயர்ந்துவிட்டது.

இன்று நமக்கு உள்ள பாடம்

கைப்பேசி நமக்கு உலகத்தின் எல்லாப் பிறைகளையும் ஒரே மாலையில் காட்டுகிறது. ஸவூதி, மலேசியா, கேரளா, கொழும்பு, சென்னை எனச் செய்திகள் வந்து குவிகின்றன. ஒரே வீட்டில் தந்தை நோன்பு வைக்க, மகன் பெருநாள் கொண்டாடும் வருத்தமான காட்சியும் நடக்கிறது. செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ளுங்கள் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாவது வசனம் நமக்குக் கற்பிக்கிறது. அந்த விசாரணையை அன்று ஊர் கூடிச் செய்தது. இன்று அதைச் செய்யாமலேயே அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறோம்.

முன்னோரின் வழக்கத்திலிருந்து மூன்று செயல்களை இவ்வூர்க் குடும்பங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, கைப்பேசிச் செயலியில் உங்கள் ஊர் சரியாகத் தேர்வாகியுள்ளதா என்று ரமளானுக்கு முன்பே பாருங்கள். சென்னை நேரமோ கொழும்பு நேரமோ அதில் பதிந்திருந்தால் சூரியன் மறையுமுன்பே நோன்பைத் திறந்துவிடும் நிலை வரும். பள்ளிவாசலின் அட்டவணையோடு அதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பிறைச் செய்தி எதுவாயினும் அதைப் பள்ளிவாசலுக்குக் கொண்டு செல்லுங்கள். இமாமும் நிர்வாகிகளும் முடிவு சொல்லும்வரை பிறருக்குப் பரப்பாமல் இருங்கள்.

மூன்றாவது, ஜமாஅத்தின் பழைய கணக்கேடுகளையும் தீர்மானப் புத்தகங்களையும் தேடிப் பாதுகாத்திடுங்கள். எந்த ஆண்டு எந்த நாளில் பெருநாள் வந்தது, செய்தி எந்த வழியாக வந்தது என்ற குறிப்புகள் அவற்றில் இருக்கக்கூடும். எழுபது, எண்பது வயதைக் கடந்த பெரியவர்களை அமரவைத்து, பூங்கா வானொலியையும் நகராவையும் ஆலைச் சங்கையும் பற்றிக் கேட்டு, அவர்கள் சொல்வதைக் கைப்பேசியிலேயே பதிவு செய்யுங்கள். நம் ஊர்களின் முஸ்லிம் வாழ்வு பற்றி எழுதப்பட்ட நூல்கள் மிகக் குறைவு. அந்த வரலாற்றில் பெரும்பகுதி இன்னும் பெரியவர்களின் நாவில்தான் இருக்கிறது.

அடுத்த ஷஅபான் 29ஆம் நாள் மாலையிலும் மலை அதே இடத்தில்தான் நிற்கும். பிறை அதற்குப் பின்னால் இறங்கியிருக்கலாம். வரும் செய்திக்காக, இன்ஷா அல்லாஹ், பள்ளிவாசல் முற்றத்தில் சேர்ந்தே காத்திருப்போம்.